அரை டக்கன் வைத்தியம்

தில்லிப் பக்கம் குடிவந்து வருடங்கள் ஓடிவிட்டன. குளிர் பழகிவிட்டது, ரொட்டி பழகிவிட்டது. இந்த 'ஆதா டக்கன்' மட்டும் இன்னும் பழகவில்லை. டக்கன் என்றால் மூடி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்துக்கடைக்குப் போனால், கடைக்காரர் சிரப் பாட்டிலை நீட்டி, "ஆதா டக்கன், தின் மே தீன் பார்" என்பார். அரை மூடி, நாளைக்கு மூன்று வேளை. எந்த மூடி? எத்தனை மில்லி பிடிக்கும் மூடி? கேட்டுப் பாருங்கள், கடன் கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

நம்மூர் மட்டும் யோக்கியமா? அங்கே 'அரை ஸ்பூன்'. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கான மருந்தை மூடியிலும் ஸ்பூனிலும் ஊற்றுவதற்குப் பெயர் அளவு இல்லை, குத்துமதிப்பு. டாக்டர் மில்லியில் எழுத வேண்டும். மருந்தோடு ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றும் கைக்கு வர வேண்டும். இது பணக்கார நாட்டுச் சொகுசு என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரே மருந்து மூன்று வீரியத்தில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120. 'டிஎஸ்' என்று போட்டதில் 5 மில்லிக்கு 250. பெயரும் பெட்டியின் நிறமும் பல சமயம் ஒரே மாதிரி. குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 6 கிலோ குழந்தைக்குக் குறைந்தபட்சம் 60 மில்லிகிராம். அதாவது சொட்டு மருந்தில் 0.6 மில்லி, சிரப்பில் 2.5 மில்லி, டிஎஸ்ஸில் 1.2 மில்லி.

இப்போது பாட்டிலை மாற்றிப் பாருங்கள். சிரப்புக்குச் சொன்ன 2.5 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்தால் 250 மில்லிகிராம், நான்கு மடங்குக்கும் மேல். அதையே நாளைக்கு நான்கு தடவை, மூன்று நாள் கொடுத்தால் ஈரல் என்ன ஆகும்? திருப்பிப் போட்டால், சொட்டுக்கான 0.6 மில்லியைச் சிரப்பில் எடுத்தால், 15 மில்லிகிராம்கூடத் தேறாது. காய்ச்சல் இறங்காது. உடனே "மருந்து வேலை செய்யவில்லை" என்று மெஃபனமிக் அமிலம் கலந்த இன்னொரு பாட்டில் வீட்டுக்குள் வரும்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டு பாபி, நான்கு மாதக் குழந்தைக்குச் சொட்டு மருந்துச் சீட்டோடு போனார். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதாம். "ஏக் ஹீ பாத் ஹை", எல்லாம் ஒன்றுதான் என்று டிஎஸ் பாட்டிலைக் கொடுத்து, அதே ஆதா டக்கனைச் சொல்லி அனுப்பியிருக்கிறார் கடைக்காரர். அந்த மூடி 10 மில்லி மூடி. அரை மூடி 5 மில்லி, 250 மில்லிகிராம். நல்லவேளை, பாபிக்குச் சந்தேகம் வந்து டாக்டருக்குப் போன் செய்தார். சந்தேகம் வராத அம்மாக்களின் கதி?

ஸ்பூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீஸ் நாட்டில் வீடுகளிலிருந்த டீஸ்பூன்களை அளந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2.5 மில்லியிலிருந்து 7.3 மில்லி வரை இருந்திருக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் என்ன, ஐந்து மில்லிக்கென்றே வார்த்தவையா? அமெரிக்காவில் 2016இல் வந்த ஆய்வில் 2,110 பெற்றோரை மருந்து அளக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 84 பேர் ஒரு தடவையாவது தப்பாக அளந்தார்கள். அளவுக் கிண்ணத்தில் தப்பு, சிரிஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். படித்த நாட்டிலேயே இந்த லட்சணம். தக்காளி விற்பவரின் எடைக்கல்லுக்கு முத்திரை கேட்கும் நாம், பிஞ்சுக்குழந்தையின் மருந்துக்குக் கைக்கு வந்த ஸ்பூன் போதும் என்கிறோம்.

"எங்க பாட்டி சங்குல புகட்டினாங்க, நாங்க வளரலையா?" என்று ஒரு வாதம் வரும். வளர்ந்தோம். ஆனால் அதே பாட்டி உரைமருந்து கொடுக்கும்போது கல்லில் எத்தனை இழைப்பு என்று எண்ணித்தான் இழைத்தாள். மாசிக்காய்க்கு இத்தனை, வசம்புக்கு இத்தனை என்று கணக்கு இருந்தது. அளவில்லாமல் கொடுப்பதற்குப் பாட்டியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அடுத்த வாதம், "படிக்காதவங்க சிரிஞ்சுல கோடு பார்த்து எடுப்பாங்களா?" படிக்கவே வேண்டாம். டாக்டரோ கடைக்காரரோ சரியான கோட்டில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தால் போதும், "இதுவரைக்கும் இழுங்க". செலவு? 2 மில்லி சிரிஞ்ச் ஒரு டீ விலைகூட இல்லை.

காஞ்சிபுரத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று நாடே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டிலிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

அளக்கும் முறைக்கும் வருகிறேன். வேண்டிய அளவு கொள்ளும் சிரிஞ்சுகளில் சின்னதை வாங்குங்கள். 5 மில்லி சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 0.2 மில்லி, 1 மில்லி சிரிஞ்சில் 0.01. ஊசியையும் அதன் மூடியையும் முதலில் குப்பையில் போடுங்கள், குழந்தை விழுங்கிவிடும். மருந்தை இழுத்ததும் முனையை மேலே தூக்கித் தட்டி, காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். ரப்பரின் கூம்பு நுனியைப் பார்க்காதீர்கள், நுனிப் பக்கமாக அது குழாயைத் தொடும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். மூக்கில் மிச்சமிருக்கும் துளியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுக்க வேண்டாம், அது கணக்கில் சேராத துளி.

டிஸ்கி: வீட்டில் இருக்கிறதே என்று தாத்தாவின் இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். அதில் இருப்பது மில்லி இல்லை, யூனிட். சிவப்பு மூடி போட்டதில் 40 யூனிட் ஒரு மில்லி, ஆரஞ்சு மூடி போட்டதில் 100 யூனிட் ஒரு மில்லி. ஊசியும் கழன்று வராது.