டிபி குணமான பிறகும் இருமலா? பூஞ்சையையும் தேட வேண்டும்!

“ஆறு மாசம் மாத்திரை முடிச்சாச்சு. சளி டெஸ்ட்லயும் கிருமி இல்லைன்னுட்டாங்க. ஆனா இருமல் விடலையே டாக்டர், இப்போ ரத்தமும் வருது!” டிபியிலிருந்து மீண்டவர்களில் சிலர் இப்படித் திரும்பி வருவதுண்டு. ‘டிபி மறுபடியும் வந்துடுச்சோ’ என்பதுதான் முதல் சந்தேகம். அது நியாயமானதே. ஆனால், அத்தோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொரு காரணம், ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்’ என்ற பூஞ்சை. மக்கும் இலை தழையிலும் எருக்குழியிலும் வளர்வது. இதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவே இருப்பதால், மூச்சுக்காற்றோடு நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் இவற்றைச் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான நுரையீரல் இவற்றை அழித்துவிடும். டிபி விட்டுச்சென்ற குழிகளில்தான் சிக்கல்.

எருக்குழியில் வாழ்ந்தது உடம்புக்குள் எப்படிப் பிழைக்கிறது? மக்கும் குப்பையின் 50 டிகிரி சூட்டையே தாங்கும் பூஞ்சைக்கு, நம் உடலின் 37 டிகிரி ஒரு பொருட்டே அல்ல. வித்தின் மேலுள்ள புரத உறை, நோய் எதிர்ப்பு செல்களின் கண்ணில் படாமல் அதை மறைக்கிறது. கிருமிகளுக்குக் கிடைக்காதபடி நம் உடல் இரும்புச்சத்தைப் புரதங்களில் பூட்டி வைக்கிறது. பூஞ்சையோ, இரும்பைப் பிடித்திழுக்கும் மூலக்கூறுகளைச் சுரந்து அதைப் பறித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில், மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றி வளர்கிறது. சிலருக்குக் குழிக்குள் பந்துபோலவே திரண்டுவிடும்.

இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று அறிகுறிகள் அப்படியே டிபி மாதிரிதான். எக்ஸ்ரேவிலும் குழப்பம் வரலாம். ஆதாரம் இல்லாமல் மறுபடியும் டிபி மாத்திரை தொடங்கினால், பூஞ்சை பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்தும் விடும்.

சிடி ஸ்கேனும், பூஞ்சைக்கு எதிரான ஐஜிஜி ஆன்டிபாடியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில், முதல் வரிசையில் இதுவும் இருக்கிறது. உலக டிபி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அப்படியிருக்க, இந்த ரத்தப் பரிசோதனை மாவட்ட அரசு மருத்துவமனைகளிலாவது எளிதாகக் கிடைக்க வேண்டாமா? டிபி சிகிச்சை முடிந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று கோப்பை மூடாமல், நுரையீரலில் குழி உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும்.

அதுவரை, இருமல் திரும்பினால் நீங்களே கேளுங்கள்: “டாக்டர், பூஞ்சை இருக்கான்னும் பார்த்துடலாமா?”