மருந்து யாருக்கு?

தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்டது தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஜாம்நகரில் பாரம்பரிய மருத்துவத்திற்கென உலக மையம் அமைத்தது. அயல்நாடுகளுடன் கூட்டு ஆராய்ச்சி பற்றிய பேச்சு பலமாக அடிபடுகிறது.

நாம் இதை எதிர்க்கவில்லை. விஞ்ஞானத்திற்கு எல்லைக்கோடு கிடையாது. சீன விஞ்ஞானி டூ யூயூ பழைய மருத்துவ நூலைப் புரட்டினார். அதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார். மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால், தோழர்களே, மஞ்சள் கதையை மறக்கலாமா? புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் வீட்டுக் கிழவிக்கும் தெரியும். அதற்கு 1995-ல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றுவிட்டது! நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் ஆட்சேபித்துப் போராடிய பிறகே, 1997-ல் அது ரத்தாயிற்று.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: சோதனையில் தேறாத மருந்தைப் பாரம்பரியம் என்று சொல்லி ஏழையின் தலையில் கட்டாதே! முடிவு சாதகமோ பாதகமோ, தமிழில் வெளியிடு! மூலிகை பறிக்கும் கைக்கு நியாயமான கூலி கொடு! தேறிய மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடு!

பஞ்சுத் தூசியில் இருமும் ஆலைத் தொழிலாளிக்கும், சேற்றில் கால் புண்ணான விவசாயத் தொழிலாளிக்கும் எட்டாத ஆராய்ச்சி, யாருக்காக?