சோர்வு உடலில் மட்டுமா?

மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு இனிப்புநீர் நோயே முதன்மைக் காரணம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் பெரும்பாலோர் வாரத்திற்கு 3 முறை இரத்தச் சுத்திகரிப்பு மையத்திற்குச் செல்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. வேலை, பயணம், திருமண விருந்து எல்லாமே அந்த அட்டவணைக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்நிலையில் மனம் தளர்வது இயல்பு. ஆனால், அத்தளர்ச்சி எளிதில் புலப்படுவதில்லை. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை சிறுநீரக நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். “நோயாளி என்றால் சோர்வு இருக்கத்தானே செய்யும்” என்று குடும்பத்தார் விட்டுவிடுகின்றனர். “தைரியமாக இருங்கள்” என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆயினும், அதைக் கேட்டவர் மறுமுறை மனம் திறக்கத் தயங்குவார்.

மனச்சோர்வுக்கு மருந்தும் உளவியல் ஆலோசனையும் உள்ளன. எனவே, இரத்த அழுத்தத்தை அளப்பதுபோல் மனநிலையை விசாரிப்பதும் மருத்துவர்களின் வழக்கமாக வேண்டும். வீட்டில் அறிவுரையைக் குறைத்து, “இன்று எப்படி இருந்தது, அப்பா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். முன்பு விரும்பிய எதிலும் அவருக்கு இரண்டு வாரங்களாக நாட்டமில்லை என்றால், அடுத்த சந்திப்புவரை பொறுத்திராமல் மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும்.