வெளியே எழுதும் மேனேஜர்கள்: லாபம் என்ன, ரிஸ்க் எங்கே?

டீம் நல்லா வேலை செய்தால் பெயர் டீமுக்கு. மேனேஜர் என்ன செய்தார் என்பது ஆபீஸைத் தாண்டித் தெரியாது. ரெஸ்யூமேயில் '12 பேர் டீமை வழிநடத்தினேன்' என்று ஒரு வரி மிஞ்சும், அவ்வளவுதான். பொதுவெளியில் எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் முதல் லாபம், அந்த ஒற்றை வரி விரிவதுதான்.

ஜூலி ஜுவோ 25 வயதில் ஃபேஸ்புக்கில் மேனேஜர் ஆனவர். வேலையில் இருந்தபடியே டிசைன், டீம் நிர்வாகம் பற்றித் தொடர்ந்து எழுதினார். 2019-இல் 'தி மேக்கிங் ஆஃப் எ மேனேஜர்' புத்தகம் வந்தது. அதே ஆண்டில், ஸ்ட்ரைப் நிறுவனத்தில் இருந்த வில் லார்சனின் 'அன் எலிகன்ட் பசில்' நூலை அந்த நிறுவனத்தின் பதிப்பகமே வெளியிட்டது.

இன்னொரு லாபம் ஆள் எடுப்பதில். இன்டர்வியூவுக்கு வருபவர், வரப்போகும் பாஸ் எப்படி யோசிப்பார் என்று முன்பே படித்துவிட்டு வருவார். ஆனால் ஆள் வைத்து எழுதி வாங்கினால் இது நடக்காது. இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

சிக்கல்? பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் செபியின் 2015 இன்சைடர் டிரேடிங் விதிகள் குறுக்கே நிற்கும்; வெளிவராத காலாண்டு முடிவு, இணைப்புப் பேச்சு எதையும் கசியவிடக் கூடாது. அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. 'ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியபோது நான் கற்ற பாடம்' என்ற பதிவு லைக்ஸ் அள்ளும். பெயர் போடாவிட்டாலும் அது யார் என்று டீமில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தப்பட்டவருக்கும்தான்.

எழுதத் தொடங்கும் முன், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. பலர் அதைப் படிக்காமலேயே சைன் பண்ணியிருப்பார்கள்.