திண்ணைப் பேச்சு: பெட்டிக்குள் ஒரு குணசேகரன்

திண்ணை என்று ஒன்று இருந்த காலத்தில், சாயங்கால வேளையில் நாலு பேர் அதில் கூடி ஊர் நியாயம் பேசுவது வழக்கம். நாங்கள் வசிக்கும் அடுக்கு மாடிக் கட்டிடத்தில் திண்ணைக்கு இடம் ஏது? மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அதையே திண்ணையாகப் பாவித்து வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து மணிக்குச் சபை கூடும். வக்கீல் நண்பர், தமிழ் வாத்தியார், பாங்கி நண்பர், பென்ஷன் நண்பர், அடியேன் ஆக அங்கத்தினர் ஐவர். நாற்காலிகளோ நாலு. ஆகவே கடைசியில் வருகிறவர் யாராவது ஒருவருடைய ஸ்கூட்டரின் மேல் உட்கார வேண்டும் என்பது சபையின் முதல் விதி.

அரசியல், விலைவாசி, குழாய்த் தண்ணீர் எல்லாம் பேசி அலுத்துப்போன ஒரு மழைக்கால ஞாயிறன்று, பேச்சு டெலிவிஷன் நாடகங்களின் பக்கம் திரும்பிற்று. "நான் அந்தக் கண்ணராவியைப் பார்ப்பதே இல்லை" என்று ஐந்து பேரும் முதலில் பிரகடனம் செய்தோம். பிறகு, பார்க்காத அந்த நாடகங்களின் கதை, கிளைக்கதை, கதாபாத்திரங்களின் மாமியார் பெயர் உள்பட அனைத்தையும் ஒரு மணி நேரம் விஸ்தாரமாக அலசினோம்.

வக்கீல் நண்பர் முதலில் வழக்கைத் தொடுத்தார்.

"நாற்பது வருஷமாகக் கோர்ட்டில் வாய்தா வாங்குகிறவன் நான். எனக்கே இந்த நாடகங்கள் வாங்கும் வாய்தா பொறுக்கவில்லை. திங்கட்கிழமை ஒருத்தியின் கையிலிருந்து தட்டு நழுவுகிறது. வியாழக்கிழமைதான் அது தரையில் விழுகிறது. நடுவிலே வீட்டிலுள்ள பதினோரு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தரம் இடி இடிக்கிறது!"

"கணக்கைப் பார்த்துப் பேசும், ஓய்" என்றார் பாங்கி நண்பர். "அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷம் கதை என்று வைத்துக்கொள்ளும். வாரம் ஆறு நாள் என்றால், வருஷத்தில் 300 நாளைக்குக் குறையாது. அதாவது 110 மணி நேரம். இரண்டரை மணி நேரச் சினிமாப் படமாகக் கணக்கிட்டால் 44 படம்! ஒரே குடும்பத்தை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 44 படம் எடுக்கச் சொன்னால், காளிதாசனே வந்தாலும் தட்டை மூன்று நாள் அந்தரத்தில்தான் நிறுத்தி வைப்பான். போதாக் குறைக்கு, நாடெங்கும் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் கருவி பொருத்தி, யார் எதைப் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை தோறும் மார்க்குப் பட்டியல் வெளியிடுகிறார்கள். மார்க்குக் குறைந்தால் கதாநாயகிக்கு விபத்து. இன்னும் குறைந்தால் ஞாபக மறதி. அமெரிக்காவில் 1930-களில் ரேடியோ நாடகங்களைச் சோப்புக் கம்பெனிக்காரர்கள் நடத்தியதால் 'சோப்பு நாடகம்' என்றே பெயர் வந்தது. அன்று முதல் இன்று வரை நாடகம் என்பது இரண்டு சோப்பு விளம்பரங்களுக்கு நடுவே வருவதுதான்."

தமிழ் வாத்தியார் இதற்கு உடன்படவில்லை. "தொடர்ந்து வரும் கதை நமக்கு என்ன புதிதா? ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதா மாதம் வந்ததுதானே! 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை வாரா வாரம் கிழித்துத் தைத்துப் புஸ்தகமாகக் கட்டி வைத்த பாட்டிமார்களின் பேத்திகள்தாம் இன்று பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். குற்றம் தொடர்வதில் இல்லை. முடிக்கத் தெரியாததில் இருக்கிறது. சென்னையில் 1975-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று டெலிவிஷன் வந்தது. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது. மீதி ஆறு நாளும் நாம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். 1999-ல் 'சித்தி' வந்த பிறகு தினப்படி நாடகம் வேரூன்றிவிட்டது. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டி 2009-ல்தான் முடிந்தது. அதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட பையன்கள் காலேஜுக்கே போய்விட்டார்கள்."

"வங்காளத்தில் 'ஸ்ரீமயி' என்று பிறந்த கதை, தமிழில் 2020-ல் 'பாக்கியலட்சுமி' ஆயிற்று; ஹிந்தியில் 'அனுபமா' ஆயிற்று" என்றேன் நான். "குடும்பத்துக்காக ஓடாய்த் தேயும் தாயும், அவளை உதறிவிட்டு வேறொருத்தியிடம் போகும் புருஷனும் எல்லா ராஜ்யங்களிலும் உண்டு என்று தெரிகிறது. தேசிய ஒற்றுமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?"

எல்லோரும் சிரித்தோம். பென்ஷன் நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"நீங்கள் எல்லாரும் வெளியே நின்று கேலி செய்கிறீர்கள். ஒரு நாடகமாவது மனசு வைத்துப் பார்த்ததுண்டா? 'எதிர்நீச்சல்' பார்த்தீர்களா? 2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரையில் ஒரு நாள் விடாமல் பார்த்தேன். ஆதி குணசேகரன் என்று ஒருவன். படித்த பெண்களாகப் பார்த்துத் தம்பிமார்களுக்குக் கட்டிவைத்து, அவர்களைச் சமையலறையில் பூட்டாத குறையாக வைத்திருக்கிறான். படிப்பாம், வேலையாம், ஒன்றும் கிடையாது. அவன் பேச்சைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும், ஸார்! பெட்டிக்குள் கையை விட்டு அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றிருக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அதே நாடகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் நெஞ்சு வலி கண்டு காலமானபோது, தினந்தோறும் அவரைத் திட்டிக்கொண்டிருந்த வீடுகளிலெல்லாம் சொந்த மனுஷர் போனது போல் துக்கம் கொண்டாடினார்கள். வில்லனுக்காக ஊரே அழுதது என்றால், நடிப்புக்கு வேறு என்ன மெடல் வேண்டும்? பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். 2024 டிசம்பரில் நாடகத்தின் இரண்டாம் பாகமும் தொடங்கிற்று.

"அந்த நாடகத்தில் ஒரு புதுமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்" என்றார் வாத்தியார். "மாமியாரும் மருமகளும், ஓரகத்தியும் ஓரகத்தியும் ஒருவருக்கொருவர் பாலில் விஷம் வைப்பதுதான் மாமூல் கதை. இதிலோ ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நாலு ஓரகத்திகளும் கைகோத்துக்கொண்டார்கள். பெண்ணுக்குப் பெண்ணே சத்துரு என்ற பழைய பாட்டை அதன் டைரக்டர் திருச்செல்வம் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்."

"அதிலே அப்பத்தாவின் நாற்பது சதவிகிதச் சொத்துக்காக அடித்துக்கொள்கிறார்களே, அதைக் கேட்டு நான் சிரித்தேன்" என்றார் வக்கீல். "பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று. 2005-ல் தேசம் பூராவுக்கும் வந்தது. ஆனால் சட்டம் வீட்டு வாசல்படி வரையில்தான் வரும், ஓய். உள்ளே போக அதற்கு அழைப்பு வேண்டும்."

அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாரல் எங்கள் 'திண்ணை'க்குள்ளேயே வந்தபடியால், முதல் மாடியிலிருக்கும் பென்ஷன் நண்பரின் வீட்டுக்கு ஐந்து பேரும் ஏறினோம். கூடத்தில் பெரிய டெலிவிஷன். அதற்கு எதிரில் நண்பருக்கென்றே ஒரு சாய்வு நாற்காலி. அதில் அமர்ந்ததும் குணசேகரன் மேல் அவருக்கு இருந்த கோபம் இரு மடங்காயிற்று.

"படித்த பெண்ணை அடுப்படியில் தள்ளுகிறவன் மனுஷனா? சுதந்திரம் வந்து எத்தனை வருஷமாயிற்று! இன்னுமா இப்படி? அவனையெல்லாம்... அம்மா! காபி இன்னுமா ஆகவில்லை? ஐந்து பேர் வந்து உட்கார்ந்து எவ்வளவு நாழிகை ஆயிற்று!"

கடைசி இரண்டு வாக்கியங்கள் சமையலறையை நோக்கிச் சொல்லப்பட்டவை. தலையைத் திருப்பாமலே சொன்னார்.

மருமகள் தட்டுடன் வந்தாள். அவளை எனக்குக் கல்யாண நாளிலிருந்து தெரியும். பந்தலிலே நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெண் பி.இ., முதல் வகுப்பு; பெரிய கம்பெனியில் வேலை" என்று மூன்று தரம் சொன்னார். பேரன் பிறந்த பிறகு, "நம் வீட்டுக்கு இவள் சம்பாதித்தா ஆகவேண்டும்?" என்று ஒரு நாள் சொன்னார். பிள்ளையாண்டான் வழக்கம்போல் தலையாட்டினான். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. பேரன் இப்போது மூன்றாம் வகுப்பு வாசிக்கிறான்.

காபியை எடுத்துக்கொண்டே, சம்பிரதாயமாக ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "உனக்கு எந்த நாடகம் அம்மா பிடிக்கும்? நீயும் 'எதிர்நீச்சல்' பார்த்தாயா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"எங்கே மாமா பார்ப்பது? ஒன்பதரை மணிக்குத்தானே அது வரும். பாத்திரம் ஒழித்துப் போட்டு, பாலுக்கு உறை ஊற்றி, காலைக்குக் காய் நறுக்கி வைப்பதற்குள் முடிந்துவிடும். சமையலறைக்கு வசனம் மட்டும் நன்றாகக் கேட்கும். சில நாள், அதட்டுகிற குரல் பெட்டியிலிருந்து வருகிறதா, கூடத்திலிருந்து வருகிறதா என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வந்து நின்றுவிடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, காலித் தம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளறையிலிருந்து நண்பரின் சம்சாரம் சிரித்த சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

வக்கீல் நண்பர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. வாத்தியார் மேற்கோள் காட்டவில்லை. மழை சற்று விட்டதும், ஒவ்வொருவராக எழுந்து வந்துவிட்டோம்.

அன்றிரவு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. டெலிவிஷன் நாடகங்களில் அழுகை அதிகம், இழுப்பு அதிகம், இடி அதிகம் என்று நாம் சொல்லும் குறைகள் எல்லாம் நியாயமானவைதாம். ஆனால் அவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வில்லன் எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறான். அவனை வைகிறவரையில் நாம் நல்லவர்கள். நண்பரைப் பற்றி இப்படி யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனேன். நான் சாப்பிட்ட தட்டு மேஜை மேலேயே கிடந்தது. அதை யாரோ எடுப்பார்கள் என்று முப்பது வருஷமாக எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். அந்த 'யாரோ' அப்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் தட்டைக் கழுவி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் பென்ஷன் நண்பர் வர மாட்டார் என்று நினைத்தோம். ஐந்தே முக்காலுக்கு வந்தார். விதிப்படி ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்தார். சிறிது நேரம் சாவிக் கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"வீட்டுப் பத்திரங்களோடு அவளுடைய பி.இ. சர்டிபிகேட்டும் என் பீரோவிலே இருந்தது. பத்திரமாய் இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்தேன். எட்டு வருஷம் ஆகிறது. காலையில் எடுத்துக் கொடுத்தேன். 'எதற்கு?' என்று கேட்டாள். 'உன்னுடையதுதானே' என்றேன். மேலே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை."

"அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். ஒரு ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது."

யாரும் சற்று நேரம் பேசவில்லை. கடைசியில் வக்கீல்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குணசேகரன் இப்படிச் சீக்கிரம் பீரோவைத் திறந்துவிட்டால், நாடகம் நாலாம் நாளே முடிந்துவிடுமே, ஓய்!"

"முடியட்டும்" என்றார் பென்ஷன் நண்பர். "என் வீட்டில் அதற்கு இரண்டாம் பாகம் வேண்டாம்."