காதால் பேர் பெற்ற ஓவியர்

லண்டன் நகரில் 2022-ம் ஆண்டு ஒரு ஓவியக் காட்சி நடந்தது. வான்கோ தன்னைத் தானே வரைந்துகொண்ட படங்களை அங்கே வைத்திருந்தார்கள். காட்சிக்கூடத்தின் கடையில் ஒரு ரப்பர் விற்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தான். அதன் வடிவம் என்ன தெரியுமா?

காது!

பலர் கண்டித்தார்கள். மனநோயால் துடித்த ஒருவரின் காயத்தை விளையாட்டுச் சாமான் ஆக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால், கடைக்காரர் புதிதாக எந்தப் பாவமும் செய்துவிடவில்லை. 130 ஆண்டுகளாகப் பத்திரிகையும் நாவலும் சினிமாவும் விற்றுவந்த அதே காதைத்தான் அவரும் விற்றார்.

வின்சென்ட் வான்கோ ஹாலந்து நாட்டுக்காரர். பாதிரியாரின் மகன். 1853-ல் பிறந்தார். 27-வது வயதில்தான் ஓவியர் ஆவது என்று முடிவு செய்தார். 37-வது வயதில் இறந்துபோனார். இடையில் பத்தே ஆண்டுகள். அதற்குள் 800-க்கும் அதிகமான எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைந்து குவித்தார். கோட்டுச் சித்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

இதைத் தெரிந்தவர்கள் சிலர். காதைத் தெரிந்தவர்கள் கோடிப் பேர்.

ஊர்ப் பத்திரிகையில்

1888, டிசம்பர் 23. பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊர். கூடத் தங்கியிருந்த ஓவியர் கோகனுடன் வான்கோவுக்குச் சச்சரவு. அன்று இரவு, புத்தி கலங்கிய நிலையில், வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டார். அதை எடுத்துப்போய் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. சில வரிகள்தான். ஓவியரின் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சிட்டிருந்தார்கள். காதை விடவில்லை!

அவரைப் புகழ்ந்தும் ஒருவர் எழுதினார். 1890 ஜனவரியில், ஆல்பெர் ஓரியே என்ற இளம் விமர்சகர் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். யாரோடும் சேராமல் தனியே நிற்கிற, உணர்ச்சிப் பித்து ஏறிய மேதை என்று அதில் வர்ணித்திருந்தார்.

வான்கோ பூரித்துப்போகவில்லை. விமர்சகருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். இந்தப் பாராட்டு தன்னைவிட மற்ற ஓவியர்களுக்கே சேரவேண்டியது என்றார். மூன்று மாதம் கழித்துத் தம்பிக்கு எழுதினார்: இனி என்னைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு, அவர் என்னைத் தவறாக எண்ணியிருக்கிறார், விளம்பரத்தைத் தாங்குகிற நிலையில் நான் இல்லை. இதுதான் கடிதத்தின் சாரம்.

அந்த வேண்டுகோளை உலகம் மதிக்கவில்லை. ஒரே ஒருவர் மதித்தார். அவர் ஒரு பெண்.

தம்பி மனைவி

1890, ஜூலை 29-ல் வான்கோ இறந்தார். துப்பாக்கிக் குண்டுக் காயம். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். அண்ணனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக் காப்பாற்றியவர் இந்தத் தம்பிதான்.

தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை. சொத்து என்று இருந்தவை, விலைபோகாத நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றோடு, அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்கள்.

யோஹன்னா ஹாலந்துக்குத் திரும்பினார். வெளியூர்க்காரர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கிற விடுதி ஒன்றை நடத்திப் பிள்ளையை வளர்த்தார். சுவரெல்லாம் வான்கோ படங்கள். ஊர் ஊராகக் காட்சிக்குப் படம் அனுப்பினார். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் 480 படங்களுக்கு மேல் வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தினார்.

கடிதங்களைத் தொகுத்து உடனே வெளியிட்டிருந்தால் பரபரப்பாக விற்றிருக்கும். நோய், வறுமை, காது, சாவு எல்லாம் அதில் இருந்தன. அவர் அவசரப்படவில்லை. கடிதத் தொகுப்பு அச்சாகி வந்தது 1914-ல்! ஏன் இத்தனை தாமதம் என்பதை முன்னுரையில் அவரே விளக்கினார். ஒரு மனிதன் தன் உயிரையே கொடுத்துச் செய்த வேலையை உலகம் மதிக்கும் முன்னால், அந்த மனிதனைப் பற்றி ஆவலைக் கிளப்பிவிடுவது இறந்தவருக்குச் செய்யும் அநீதி என்று கருதினார்.

முதலில் வேலை. அப்புறம்தான் ஆள். விடுதி நடத்திய விதவைக்குத் தெரிந்த இந்த நியாயம் சினிமாக்காரர்களுக்குத் தெரியவில்லை.

சினிமாவில்

1934-ல் அமெரிக்க எழுத்தாளர் இர்விங் ஸ்டோன் வான்கோவின் வாழ்க்கையை நாவலாக எழுதினார். 1956-ல் அது சினிமாவாக வந்தது. வான்கோவாக நடித்தவர் கிர்க் டக்ளஸ். அச்சாக அப்படியே இருந்தார். கோகனாக நடித்த ஆண்டனி குயினுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஓவியம் என்றால் என்ன என்று அறியாத மக்களுக்கும் வான்கோவின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்த படம் அது. அந்த நன்றியை மறக்கக்கூடாது.

ஆனால் முடிவைப் பாருங்கள். வயல். கறுப்புக் காக்கைக் கூட்டம். ஓவியர் வெறிபிடித்தவர்போல் அதை வரைகிறார். பிறகு துப்பாக்கிச் சத்தம்! காக்கைப் படம்தான் கடைசிப் படம் என்று உலகமே நம்பிவிட்டது.

உண்மை வேறு. அதற்குப் பிறகும் அவர் படங்கள் வரைந்தார். கடைசியாக வரைந்தது மேட்டு ஓரத்து மர வேர்களை என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அந்த வேர்கள் இருந்த இடத்தைக்கூட, பழைய தபால் அட்டை ஒன்றின் உதவியால் 2020-ல் அடையாளம் கண்டுவிட்டார்கள். வேர்களை வைத்து யார் கிளைமாக்ஸ் எடுப்பார்கள்?

உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு படம்தான் விற்றது என்பதும் அப்படிப் பரவிய கதை. திராட்சைத் தோட்டப் படம் 1890-ல் 400 பிராங்குக்கு விலைபோனது உண்மை. ஆனால் அதற்கு எட்டு ஆண்டு முன்பே, படக்கடை வைத்திருந்த சித்தப்பா 12 சித்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்துப் பணமும் கொடுத்திருக்கிறார்.

2017-ல் வந்த படம் இன்னொரு வேடிக்கை. 125 ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் 65,000 காட்சிகளைக் கையால் வரைந்தார்கள். மலைக்கவைக்கும் உழைப்பு. கதை என்ன? அவர் எப்படிச் செத்தார் என்ற விசாரணை!

யாருக்கு நஷ்டம்?

வான்கோவுக்கு இனி நஷ்டமில்லை. அவர் படங்கள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. நஷ்டம் வீடுகளில் நடக்கிறது. சுவரில் கிறுக்குகிற பிள்ளையைப் பார்த்துத் தாய் பயப்படுகிறாள்: இதுவும் பட்டினி கிடந்து பைத்தியமாகுமோ? மனம் நொந்த வாலிபனோ, இந்த நோய்தான் தன் கலைக்கு மூலதனம் என்று எண்ணி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடலாம். இது அதைவிட ஆபத்து.

வான்கோ அப்படி எண்ணவில்லை. நோயைக் கண்டு அஞ்சினார். மருத்துவமனைக்கு அவரே விரும்பிப் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்த ஓராண்டில் சுமார் 150 ஓவியங்கள் வரைந்தார். நோய் கடுமையாகத் தாக்கிய நாட்களில் வேலை நின்றது. தெளிந்ததும் மறுபடி தொடங்கியது. விவசாயக் குடும்பம் ஒன்று உருளைக்கிழங்கு சாப்பிடுகிற ஒரே ஒரு படத்துக்கு முன்னேற்பாடாக, குடியானவர் முகங்களை மட்டும் 40 தடவைக்கு மேல் வரைந்து பழகினார். பைத்தியத்தின் வேலையா இது?

எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. எந்த வண்ணம் தீர்ந்தது, எத்தனை கஜம் துணி வேண்டும், எந்தப் புத்தகம் படித்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் 2009-ல் அத்தனை கடிதங்களையும் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது.

யோஹன்னா கடைசிக் காலத்தில் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1925 செப்டம்பரில் அவர் இறந்தபோது 526-வது கடிதம் வரை வந்திருந்தார்.