ஊசி பிடிக்கத் தெரியாதவர்களின் கடல் கடந்த சேவை



சென்ற ஷஅபான் மாதத்தில், நம் மதரஸாவில் ஓதி முடித்து இப்போது பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் தம் வாப்பாவுடன் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். பங்களாதேஷில் கிராமத்துப் பெண்கள் கைவினைப் பொருட்கள் செய்யும் நிலையம் ஒன்றில் 14 நாட்கள் தன்னார்வத் தொண்டு. விமானக் கட்டணம் நீங்கலாக 90 ஆயிரம் ரூபாய். துஆச் செய்யுமாறு கேட்டார்கள். பின்னர், அந்தத் தொகையில் ஒரு பகுதியை ஜமாஅத்தின் ஜகாத் நிதியிலிருந்து பெற்றுத் தர இயலுமா என்று வாப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அங்கு சென்று என்ன செய்வீர்கள், தம்பி?” என்றோம்.

“பெண்களுக்குப் பயிற்சி கொடுப்போம், ஹஜ்ரத்.”

“எதில்?”

“துணியில் பூவேலை செய்வதில்.”

“உங்களுக்கு அது தெரியுமா?”

“முதல் இரண்டு நாட்கள் அங்குள்ள பெண்களே எங்களுக்குச் சொல்லித்தருவார்களாம்.”

அந்தப் பிள்ளையை நாம் குறை கூறவில்லை. நல்ல பிள்ளை, ஐவேளைத் தொழுகையை விடாதவர். அவர் மனத்தில் இருந்தது இரக்கம்தான். நம் வாதம் அவரோடு அன்று. இத்தகைய படிவங்களை அச்சிட்டு இரக்கத்துக்கு விலை வைப்பவர்களோடும், அதைக் கண்டு ‘மாஷா அல்லாஹ்’ என்று மெச்சிப் பணம் கட்டும் நம் சமுதாயத்தோடும்தான்.

வங்காளத்துப் பெண்களின் நக்ஷி காந்தா என்னும் தையலைப் பற்றிச் சிறிது அறிந்தால் இந்த ஏற்பாட்டின் விபரீதம் விளங்கும். கட்டிக் கிழிந்த பழைய சேலைகளைப் பல அடுக்குகளாக விரித்து, ஓரங்களைப் பிடித்துத் தைத்து, பின்னர் முழுப் பரப்பையும் சிறு சிறு ஓட்டுத் தையலால் நிரப்புவது அதன் முறை. பழங்காலத்தில் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே பூவேலைக்கும் ஆயிற்று. நடுவில் தாமரை, மூலைகளில் கொடிகள், இடையிடையே மீன், படகு, தேர் என்று வீட்டுக்கு வீடு கோலம் மாறும். வரைபடம் எதுவும் கிடையாது. தாயின் கையைப் பார்த்து மகள் கற்றாள். நுணுக்கமான ஒரு காந்தாவை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க, பொத்தான் தைக்கத் தெரியாத நம் பிள்ளை கடல் தாண்டிப் போகிறார்!

போகட்டும், அவர் கற்றுக்கொண்டுதான் வரட்டுமே என்பார்கள். அந்த இரண்டு நாட்களுக்கு விலை கொடுப்பவர் யார்? இத்தகைய நிலையங்களில் பெரும்பாலும் துண்டுக் கூலிதான். தைத்த அளவுக்குத்தான் காசு. விருந்தாளிக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்கும் பெண்ணின் சொந்தத் துணி மடியில் அப்படியே கிடக்கும். அவர் கோணல்மாணலாகத் தைத்ததை, அவர் போன பிறகு பிரித்துத் தைப்பதும் அவள் வேலையாகவே முடியும். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று திருக்குர்ஆன் (16:92) எச்சரிக்கிறது. அவளாவது தன் நூலைத் தானே பிரித்தாள்.

படிவத்தை இருமுறை படித்தோம். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, குளிர்சாதன அறை, ஹலால் உணவு, ஆற்றில் படகுப் பயணம், முடிவில் சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண்களுக்கு ஒரு துணிக்கு எவ்வளவு கூலி, அது எப்போது கொடுக்கப்படுகிறது என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

வியர்வை உலரும் முன்னே கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நம் மதரஸாச் சிறுவனும் அறிவான். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்பதும் புகாரியில் உள்ள செய்தியே. ஏழைப் பெண்ணின் கைத்தொழிலில் முதல் கேள்வி இதுவே. பங்களாதேஷிலேயே இதற்குச் சான்று உண்டு. ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972-இல் தொடங்கிய பிராக் நிறுவனத்தின் மீது, குறிப்பாக அதன் வட்டிக் கடன்கள் மீது, நமக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு, அதை மறைக்கவில்லை. எனினும் அவர்கள் 1978-இல் டாக்காவில் ஆரோங் என்னும் கடையைத் தொடங்கிய காரணம் கவனிக்கத்தக்கது. கிராமத்துப் பெண்கள் செய்து கொடுத்த பொருட்களுக்கு நகரத்துக் கடைகள் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தன. பொருளைக் கொடுத்தவுடன் பணம் என்பதே புதிய கடையின் ஏற்பாடு. தையல் சொல்லித்தர எவரும் விமானம் ஏறி வரத் தேவைப்படவில்லை. கொள்முதல் செய்து உடனே காசு கொடுக்கும் ஒரு கைதான் தேவைப்பட்டது.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பெண்மணி தாமே நெய்த, கரை வைத்த மேலாடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த நிகழ்ச்சியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். நபியவர்கள் அதைத் தேவையுடையவர்களாகப் பெற்றுக்கொண்டு, அதையே உடுத்தி வெளியே வந்தார்கள். நெய்தவரின் கைக்கு இதைவிடக் கண்ணியம் வேறென்ன வேண்டும்? அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. அவர் மீது பரிதாபப்படவில்லை. அவர் நெய்ததை அணிந்துகொண்டார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தம் கையால் உழைத்து, அதன் வருவாயைத் தர்மம் செய்தவர்கள். கைத்தொழில் செய்யும் பெண் என்றாலே கைநீட்டி நிற்பவள் என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனிப் புகைப்படங்கள். சென்று வந்தவர்களின் பதிவுகளை நாமும் பார்க்கிறோம். குனிந்து தைக்கும் பெண்கள், அவர்களுக்கு நடுவே சிரித்தபடி நம் பிள்ளைகள். தங்கள் வீட்டுப் பெண்களின் முகம் இணையத்தில் வருவதை ஏற்காத குடும்பங்களே இவற்றை விருப்பத்தோடு பகிர்கின்றன. அந்தப் பெண்களிடம் அனுமதி கேட்டீர்களா என்று ஒருவரிடம் கேட்டோம். “அவர்கள் சிரித்தார்களே” என்றார். படி அளக்கும் நிலையத்துக்கு வந்த விருந்தாளியிடம் ஒரு தையல்காரப் பெண் சிரிக்காமல் என்ன செய்வாள்? மக்கள் காண வேண்டும் என்பதற்காகச் செலவிடுபவனை, மண் படிந்த வழுக்குப் பாறைக்கு ஒப்பிடும் வசனத்தை (2:264) ஒவ்வொரு ரமலானிலும் ஓதுகிறோம். ஒரே மழையில் அந்த மண் போய்விடும்.

நிய்யத் நன்றாக இருக்கிறதே என்பது அடுத்த பதில். நிய்யத் செயலுக்கு உயிர்தான். ஆனால் நல்ல நிய்யத்தோடு மருத்துவம் அறியாதவன் கத்தியை எடுத்தால் நோயாளிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதே ஃபிக்ஹ். பயனுள்ளவராகச் செல்பவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. கணக்கு எழுதவும் ஏற்றுமதி விதிகளைப் படித்துச் சொல்லவும் தெரிந்த ஒருவர், மொழியையும் கற்றுக்கொண்டு ஓராண்டு தங்குவாராயின் அவருக்காக நாமே துஆச் செய்வோம். அவரிடம் 14 நாள் படிவம் இருக்காது.

நம் ஆலிம்கள் தரப்பும் இதில் குறைவாகவே நடந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மஹ்ரம் இல்லாமல் பெண்பிள்ளைகள் இப்பயணங்களில் செல்லலாமா என்று ஜும்ஆ மேடையில் பேசினோம். அது பேச வேண்டிய சட்டம்தான். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் ஊசி பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஜகாத் நிதி கேட்டதற்கு நாம் மறுத்துவிட்டோம். ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர், வழிப்போக்கர் என்ற இனத்தில் கொடுக்கலாமே என்றார். வழியில் கையிருப்பு இழந்து தவிப்பவரே வழிப்போக்கர். பயணச்சீட்டு வாங்கக் காத்திருப்பவர் அல்லர். இன்னொருவர் ‘அல்லாஹ்வின் பாதையில்’ என்ற இனத்தைக் காட்டினார். அதற்கு எவ்வளவு விரிவாகப் பொருள் கொண்டாலும் படகுப் பயணம் அதில் அடங்காது.

பிறகு அந்த மாணவரை ஒருநாள் பத்தமடைக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் ஒரு மணி நேரம். தாமிரபரணிக் கரையின் கோரைப் புல்லைக் கிழித்து, ஓடும் நீரில் ஊறவைத்துக் காயவைத்து, பட்டுப் போல் மடிக்கக்கூடிய பாய் நெய்யும் நம் லெப்பைப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு 1953-இல் அனுப்பப்பட்ட பாயைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். தறிக்கு முன் உட்கார்ந்திருந்த மூதாட்டி, நாங்கள் யார் என்று விசாரித்துவிட்டு, “ஒங்க மதரஸால என்ன பாய் விரிச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. நம் மதரஸாக் கூடத்தில் விரித்திருப்பது பிளாஸ்டிக் பாய். நாம்தான் வாங்கினோம், விலை குறைவு என்பதற்காக.

12 கோரைப் பாய்களுக்கு, சாதாரண ரகம்தான், மாணவரின் வாப்பா தம் சொந்தப் பணத்தில் முன்பணம் கொடுத்திருக்கிறார். மீதியை மதரஸா கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாய் இன்னும் கிழியவில்லையே என்கிறார் பொருளாளர். அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.